எட்டு மாதமும் மூன்று நாளும்: நூறு நாள் வேலைச் சட்டமும் சட்டமியற்றுவோரின் ஆய்வும்

1. கேள்வி

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் ‘தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம்’ என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘நூறு நாள் வேலை’ என்றால் தெரியும். ‘ஏரி வேலை’ என்றாலும் தெரியும். காலையில் மண்வெட்டியும் கூடையுமாக வரும் பெண்களைப் பணித்தளப் பொறுப்பாளர் வரிசையாக நிற்கவைத்துக் கைப்பேசியில் படம் எடுக்கிறார்; பிற்பகலில் மீண்டும் ஒரு படம். கூலி ஆதார் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. சில மாதங்களில் போகாமலும் இருக்கிறது.

இவற்றுள் எது நாடாளுமன்றம் விவாதித்து முடிவெடுத்தது, எது ஒரு சுற்றறிக்கையில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. வேலை கேட்கும் உரிமையும் 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி பெறும் உரிமையும் 2005 சட்டத்தில் இருந்தன. கைப்பேசிப் பதிவு எல்லாப் பணித்தளங்களுக்கும் 2023 ஜனவரி 1 முதலும், ஆதார்வழிக் கூலி 2024 ஜனவரி 1 முதலும் கட்டாயமாயின. இவ்விரண்டும் நிருவாக ஆணைகள். எந்த அவையிலும் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

வேலை உறுதித் திட்டத்தைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். விவசாயக் கூலியை அது உயர்த்தியதா, இடப்பெயர்வைக் குறைத்ததா, ஏரிகள் உண்மையில் தூர்வாரப்பட்டனவா என்பன அவர்களுடைய கேள்விகள். இக்கட்டுரையின் கேள்வி வேறு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இந்தச் சட்டத்தைக் கூர்ந்து ஆராய்ந்தபோது தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? ஆராய்வதற்கு இடமில்லாமல் போனபோது என்ன ஆயிற்று? ஒரே உரிமையைப் பற்றி 2005-இலும் 2025-இலும் நாடாளுமன்றம் இருமுறை சட்டம் செய்திருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

2. மராட்டிய முன்கதை

வேலை உறுதி என்ற எண்ணத்தின் வேரைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுபவரே ஒரு சட்டமன்றவாதி. வி. எஸ். பாகே மராட்டியச் சட்டமேலவையின் தலைவராக நீண்டகாலம் இருந்தவர். 1965-இல் சாங்க்லி மாவட்டம் தாஸ்காவ் வட்டத்தின் விசாப்பூரில் வேலை கேட்டவருக்கு வேலை தரும் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கினார். 1972-இன் பெரும் வறட்சியில் அது மாநிலத் திட்டமாக விரிந்தது. 1977-இல் சட்டமாகி 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நகரத்தில் சம்பளம் வாங்குவோரிடம் தொழில்வரி பிடித்து, நாட்டுப்புறத்தில் கல் உடைப்பவருக்குக் கூலி கொடுத்த ஏற்பாடு அது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் அதிகம் குறிப்பிடாத ஒன்று உண்டு. மராட்டியச் சட்டமன்றம் இத்திட்டத்துக்கென்றே உறுப்பினர்களின் தனிக் குழுவை அமைத்தது. மாவட்டந்தோறும் சென்று பணிகளைப் பார்ப்பதும் அதிகாரிகளை விசாரிப்பதும் அதன் வேலை. திட்டத்தோடு சேர்த்து அதைக் கேள்வி கேட்கும் இடத்தையும் கட்டினார்கள். தேசியச் சட்டம் மராட்டியத்திடமிருந்து முதலாவதை எடுத்துக்கொண்டது. இரண்டாவதை ஓரளவுக்கே எடுத்தது: கிராமசபையின் சமூகத் தணிக்கை சட்டத்தின் 17-ஆம் பிரிவாக இடம்பெற்றது, உறுப்பினர்களின் தனிக் குழு இடம்பெறவில்லை.

3. எட்டு மாதம்: 2004–2005

தேசிய ஊரக வேலை உறுதி மசோதா 2004 டிசம்பர் 21 அன்று மக்களவையில் அறிமுகமானது. அன்று வந்த வடிவத்தையும் பின்னர் நிறைவேறிய வடிவத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு முகத்தில் அறைகிறது. முதல் வடிவம் ஏழைக் குடும்பங்களுக்கு, அதாவது வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே உறுதியளித்தது. அந்தப் பட்டியல்கள் எவ்வளவு ஓட்டையானவை என்பது ஊராட்சி அலுவலக வாசலில் ஒருமுறை நின்றவருக்குத் தெரியும். உறுதி எந்த மாவட்டத்துக்கு எப்போது விரியும் என்பதும் அரசின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது.

மசோதா ஊரக வளர்ச்சித்துறை சார்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் அன்றைய எதிர்க்கட்சியான பா.ஜ.க.வைச் சேர்ந்த கல்யாண் சிங். ஆளும் கூட்டணியின் முதன்மையான தேர்தல் வாக்குறுதி எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரின் மேசைக்குப் போனது என்றால், அரசியல் கணக்குப்படி அது கிடப்பில் கிடக்க வேண்டும். அல்லது நீர்த்துப்போய்த் திரும்ப வேண்டும். குழு செய்தது அதற்கு நேர்மாறு. வறுமைக்கோட்டு வரம்பை நீக்கச் சொல்லி மசோதாவை விரிவாக்கும் திசையில் பரிந்துரைத்தது. 2005 ஆகஸ்டு 23 அன்று மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில், உடலுழைப்புக்கு முன்வரும் வயதுவந்தோர் உள்ள எந்த ஊரகக் குடும்பத்துக்கும் 100 நாள் வேலை உறுதியானது. சட்டம் ஐந்தாண்டுக்குள் ஊரக இந்தியா முழுதும் விரிய வேண்டும் என்ற கால எல்லை ஏறியது. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு.

இந்த மாற்றத்துக்கு யார் காரணம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. சோனியா காந்தி தலைமையிலான தேசிய ஆலோசனைக் குழுவே காரணம் என்பது ஒரு பார்வை. அருணா ராய், ழான் திரேஸ் போன்றோர் அதில் இருந்தார்கள். மசோதாவின் தொடக்க வரைவு அங்கிருந்தே வந்தது. அரசைத் தாங்கிப்பிடித்த இடதுசாரிக் கட்சிகளின் அழுத்தம் என்பது இரண்டாவது பார்வை. மாவட்டம் மாவட்டமாகப் பேருந்தில் பயணம் செய்து பிரச்சாரம் நடத்திய இயக்கங்களின் வெற்றி என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஆலோசனைக் குழுவின் வரைவு அமைச்சரவைக்குப் போய்த் திரும்பியபோது இளைத்துத்தான் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நிதித்துறையின் தயக்கம் அங்கே வென்றிருந்தது. இளைத்ததை மீண்டும் தேற்றுவதற்கு அரசுக்கு வெளியே, ஆனால் நாடாளுமன்றத்துக்கு உள்ளே, ஓர் இடம் வேண்டியிருந்தது. இயக்கங்கள் வந்து முறையிடவும், அதிகாரிகள் பதில் சொல்லவும், இரண்டும் எழுத்தில் பதிவாகவும் கூடிய இடம் நிலைக்குழு ஒன்றுதான். அழுத்தம் வெளியிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. அது சட்டச் சொற்களாக மாற அந்த எட்டு மாதம் தேவைப்பட்டது என்பதே என் வாசிப்பு.

2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு மாவட்டங்கள். 2008 ஏப்ரலுக்குள் ஊரக இந்தியா முழுதும் விரிந்தது; சட்டம் வைத்த கெடுவுக்கு முன்பே. மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் குறிப்பிட்ட பெண்களின் பங்கு தமிழகத்தில் 80 விழுக்காட்டைத் தாண்டியது. கணவனை இழந்தவர்கள், வெளியூர் வேலைக்குப் போக முடியாத வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் ஆகியோர் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று யாரும் கேட்காததால் வேலை அட்டை வாங்கினார்கள். 2004 டிசம்பர் மசோதா அப்படியே நிறைவேறியிருந்தால் இவர்களில் எத்தனை பேர் அந்த ஏரிக்கரைக்கு வந்திருக்க முடியும்?

4. கூலியும் குறியீடும்

சட்டம் வந்தபிறகு உறுப்பினர்களின் ஆய்வு வேறு வடிவம் எடுத்தது. மசோதாவின் சொற்களைத் திருத்தும் வாய்ப்பு முடிந்துவிட்டது. இனி நடைமுறையை ஆராய்ந்து பரிந்துரைக்கலாம். அரசு ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம்.

இந்தக் கட்டத்தின் மையச் சிக்கல் கூலி. சட்டத்தின் 6(1) பிரிவு, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் என்ன இருந்தாலும் நடுவண் அரசு தனிக் கூலி விகிதத்தை அறிவிக்கலாம் என்கிறது. 2009-இல் அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது. பல மாநிலங்களில் விவசாயத் தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலியைவிட அரசு தன் சொந்தப் பணித்தளத்தில் தரும் கூலி குறைந்தது. வறட்சி நிவாரணப் பணியாக இருந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் சஞ்சித் ராய் வழக்கில் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு கையில் இருக்கும்போதே இது நடந்தது.

2011 முதல் கூலி விவசாயத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டோடு ஏறத் தொடங்கியது. அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு அப்போது 1986–87 ஆக இருந்தது. கைப்பேசிக்கும் பேருந்துக்கும் பிள்ளையின் கல்விக்கும் தனியார் மருத்துவத்துக்கும் செலவு செய்யும் இன்றைய குடும்பத்தை, ஏறக்குறைய சோற்றுக்கே சம்பாதித்த நாற்பதாண்டுக்கு முந்தைய குடும்பத்தின் அளவுகோலால் அளந்தார்கள். தமிழகத்தில் 2006-இல் 80 ரூபாயாக இருந்த கூலி 2025–26-இல் 336 ரூபாய். எண்ணில் நான்கு மடங்குக்கு மேல். அந்த 80 ரூபாயில் அன்று வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெயை இன்றைய விலையில் கணக்கிட்டால் ஏற்றம் மிகவும் சுருங்கிவிடும்.

நிலைக்குழுக்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டின. 2022 பிப்ரவரியில் சிவசேனாவின் பிரதாப்ராவ் ஜாதவ் தலைமையிலான குழு, வேலை நாளை 100-இலிருந்து 150 ஆக்கவும் கூலியைப் பொருத்தமான குறியீட்டோடு இணைக்கவும் கேட்டது. 2024 பிப்ரவரியில் தி.மு.க.வின் கனிமொழி தலைமையிலான குழு கூலி விகிதத்துக்கென்றே ஓர் அறிக்கையைத் தந்தது. நாளொன்றுக்கு 375 ரூபாயைத் தேசியக் குறைந்தபட்சக் கூலியாக அனூப் சத்பதி குழு 2019-இலேயே கணித்திருந்ததை வைத்துப் பார்த்தால், கூலியை உயர்த்தும் கோரிக்கை எவ்வளவு மிதமானது என்பது விளங்கும். 2025-இல் காங்கிரசின் சப்தகிரி சங்கர் உலகா தலைமையிலான குழு குறைந்தது 400 ரூபாய் கூலியும் 150 நாளும் கேட்டது. திட்டத்துக்கு 2024–25-இலும் 2025–26-இலும் மாறாமல் 86,000 கோடி ரூபாயே ஒதுக்கப்பட்டிருந்தது.

தலைவர்கள் மூவரும் அந்தந்த நேரத்தில் ஆளுங்கட்சிக்கு வெளியே இருந்தவர்கள். எனவே இவை எதிர்க்கட்சிக் குரல்களே என்று ஒதுக்கிவிடலாமா? குழுவின் 31 இடங்கள் அவையின் கட்சி பலத்தைத் தழுவியே பகிரப்படுகின்றன. ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் எப்போதும் கணிசமாக இருப்பார்கள். மாறுபட்டால் தம் மறுப்புரையை அறிக்கையோடு இணைக்கலாம். கூட்டம் மூடிய அறையில் நடப்பதாலும் கொறடா ஆணை அங்கே செல்லாததாலும் தொலைக்காட்சிக்காகப் பேச வேண்டிய தேவை குறைகிறது. ஊராட்சித் தலைவர்களும் வேலை கேட்பவர்களும் தம் தொகுதி அலுவலகத்தில் சொல்வதை உத்தரப் பிரதேச உறுப்பினரும் தமிழக உறுப்பினரும் அங்கே ஒரே மொழியில் சொல்ல முடிகிறது. மூன்று கட்சிகளைச் சேர்ந்த குழுத் தலைவர்களின் கீழ் கூலி போதாது என்ற முடிவு மாறாமல் நின்றதற்கு நான் காணும் விளக்கம் இதுதான்.

ஆனால் பயன்? கூடுதல் நாள் வேண்டுமானால் மாநிலங்கள் தம் சொந்த நிதியில் கொடுக்கலாம் என்பது நடுவண் அரசின் வழக்கமான பதில். சட்டத்தின் உருவாக்கத்தில் குழுவுக்கு இருந்த செல்வாக்கு நடைமுறைக் கட்டத்தில் பரிந்துரையாகச் சுருங்கியதையே இது காட்டுகிறது. குழுக்களின் அறிக்கைகளைக் கொண்டாடுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. தொழிலாளியின் வங்கிக் கணக்கில் பரிந்துரை ஏறாது.

அவை நடுவில் நடக்கும் கேள்வி நேரம் இதைவிடக் கூர்மையாக இருக்குமா என்றால், அதற்கும் 2025 மார்ச் மாதமே சான்று. தமிழகத்துக்குக் கூலி நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொல்லிக்கொண்டிருந்தது. மக்களவையில் உறுப்பினர்கள் கேட்டபோது, 7 கோடி மக்களுள்ள தமிழகமும் 20 கோடி மக்களுள்ள உத்தரப் பிரதேசமும் ஏறக்குறைய ஒரே தொகை பெற்றிருக்கின்றன என்று இணையமைச்சர் சந்திரசேகர் பெம்மசானி பதிலளித்தார். வேலை கேட்டவருக்கு வேலை என்பது சட்டமானால், மக்கள்தொகையை வைத்துப் பங்கு பிரிப்பது ஒப்பீடே ஆகாது; அதிகம் பேர் வேலை கேட்டு, அதை ஊராட்சிகள் திறமையாக நடத்திய மாநிலத்துக்கு அதிகம் போவதுதான் சட்டத்தின் இயல்பு. ஒரு நிலைக்குழுவில் இந்த வாதம் அடுத்த கேள்வியிலேயே உடைபட்டிருக்கும். அவையில் கூச்சல் எழுந்தது, ஒத்திவைக்கப்பட்டது.

5. மூன்று நாள்: டிசம்பர் 2025

2025 டிசம்பர் 16 அன்று அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2005 சட்டத்துக்கு மாற்றாக ‘வி.பி.–ஜி ராம் ஜி’ என்று சுருக்கி அழைக்கப்படும் மசோதாவை அறிமுகப்படுத்தினார். டிசம்பர் 18 அன்று மக்களவை கூச்சலுக்கிடையே குரல் வாக்கில் நிறைவேற்றியது. அன்று நள்ளிரவு கடந்து மாநிலங்களவையும் நிறைவேற்றியது. குழுவுக்கு அனுப்புங்கள் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது.

புதிய சட்டத்தில் வேலை நாள் 125. நூறைவிட அதிகம் என்பதால் வரவேற்கத் தோன்றும். ஆனால் பழைய சட்டத்தின் கீழேயே ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த சராசரி வேலை அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 50 நாள்தான். நூறை எட்டாததற்குக் காரணம் சட்டத்தில் எழுதிய எண் குறைவாக இருந்தது அல்ல. பணம் போதாததும் கூலி தாமதமானதுமே. அந்தப் பணத்தின் பக்கத்தில்தான் புதிய சட்டம் பெரிய மாற்றம் செய்கிறது. உடலுழைப்புக் கூலி முழுவதையும் முன்பு நடுவண் அரசு ஏற்றது. இனி பெரும்பாலான மாநிலங்கள் மொத்தச் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். மாநிலத்துக்கான ஒதுக்கீட்டை நடுவண் அரசு முன்கூட்டியே வரையறுக்கும். அதைத் தாண்டினால் மாநிலமே கட்ட வேண்டும். கேட்பவருக்கு வேலை என்ற அடித்தளம் ஒதுக்கிய அளவுக்கு வேலை என்று நகர்ந்துவிடுகிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடமிருக்கிறது.

இந்த 60 நாள் விதிக்குப் பின்னால் உண்மையான ஒரு குறை உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று காவிரிப் படுகை உழவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். சிறு உழவரின் நெருக்கடி பொய்யன்று. ஆனால் நிறுத்தத்தின் விளைவு நடவு வேலைக்குப் போகும் பெண் எந்தக் கூலிக்குப் பேரம் பேச முடியும் என்பதில் விழும். நூறு நாள் வேலை ஒரு மாற்றாக இருந்ததால்தான் அவள் ‘இந்தக் கூலிக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல முடிந்தது. எந்த மாதத்தில், எந்தப் பயிர்ப் பகுதியில், எத்தனை நாள் என்பதை உழவரையும் தொழிலாளியையும் ஒரே மேசையில் அழைத்துக் கேட்டிருக்கலாம். கல்யாண் சிங் குழுவுக்கு அதற்குரிய அவகாசம் இருந்தது. 2025-இல் அந்த மேசையே போடப்படவில்லை.

150 நாள், 400 ரூபாய் என்று அதே ஆண்டு கேட்ட குழுவின் அறிக்கை நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தது. அதன் கணக்குகளை எதிர்கொண்டு, ஏன் 125, ஏன் 60:40 என்று விளக்கும் பொறுப்பு அரசுக்கு வராமலே போயிற்று. இது ஒற்றை நிகழ்வும் அல்ல. 14-ஆம் மக்களவையில் மசோதாக்களில் 60 விழுக்காடும் 15-ஆவதில் 71 விழுக்காடும் குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் அது 16 விழுக்காடு என்று பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது.

குழுவுக்குப் போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு முறைப்படி நிலைக்குழுவுக்குப் போனது. ஆட்குறைப்புக்கும் ஆலைமூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்த்துவதைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம் என்று 2020-இல் பரிந்துரைத்தது அக்குழுவே. ஆய்வு எப்போதும் தொழிலாளியின் பக்கம் சாய்வதில்லை. ஆனால் அங்கே யார் என்ன வாதம் வைத்தார், எந்த மாநிலத்தின் அனுபவம் காட்டப்பட்டது என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. தொழிற்சங்கம் அதை எடுத்து மறுக்கலாம். 60:40 என்ற பங்கீட்டை யாரிடம் கலந்து முடிவெடுத்தார்கள் என்று அறிய அப்படியொரு ஏடு கிடையாது.

6. மாநில அவை

புதிய பங்கீடு கேள்வியைச் சென்னைக்குக் கொண்டுவருகிறது. நூறு நாள் வேலையின் கூலி தில்லியின் பணம் என்றிருந்தவரை, கோட்டையில் இதைப் பற்றிப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் நிலுவைக்கான முறையீடாக இருந்தது. 40 விழுக்காடு மாநிலக் கருவூலத்திலிருந்து போகும்போது, அதை ஒதுக்குவதும் செலவை ஆராய்வதும் சட்டமன்ற உறுப்பினர்களின் கடமையாகிறது.

தமிழகச் சட்டமன்றத்தில் பொதுக்கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு ஆகியவை உண்டு. துறைவாரியான நிலைக்குழுக்கள் இல்லை. மானியக் கோரிக்கைகள் அவையில் நேரடியாக விவாதிக்கப்பட்டு நிறைவேறுகின்றன. மசோதாக்கள் பெரும்பாலும் அதே கூட்டத்தொடரில் முடிகின்றன. இதன் விலையை 2023-இல் பார்த்தோம். வேலை நேரத்தைத் தளர்த்தி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்த நிலையில் குரல் வாக்கில் நிறைவேறியது. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு முன் அரசு இறங்கிவந்தது. அதே கேள்விகளை ஏப்ரல் 21-க்கு முன் ஓர் அறையில் அழைத்துக் கேட்டிருக்க முடியாதா? நாம் குறைகூறும் தில்லியின் அவசரமும் நம் அவையின் அவசரமும் வேறு வேறு அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்கத்து மாநிலமான கேரளம் 1980-இலேயே துறைவாரிக் குழுக்களை அமைத்துவிட்டது. அங்கே மசோதாக்களையும் மானியக் கோரிக்கைகளையும் உறுப்பினர் குழுக்கள் முதலில் பார்க்கின்றன. மராட்டியத்தில் வேலை உறுதிக்கென்றே தனிக் குழு இருக்கிறது. தமிழகத்துக்கு இரண்டு முன்மாதிரிகளும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவையின் விதிகளைத் திருத்தினால் போதும். அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. வேளாண் நிறுத்தக் காலத்தை மாநிலமே அறிவிக்க வேண்டியிருக்கும். தஞ்சையின் குறுவை, இராமநாதபுரத்தின் மானாவாரி, தருமபுரியின் கேழ்வரகு எல்லாவற்றுக்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது. அந்த அறிவிக்கை வெளியாகும் முன், ஒன்றிய அலுவலகங்களில் உட்கார்ந்து வேலை அட்டைக்காரர்களையும் உழவர்களையும் விசாரித்து எழுதப்பட்ட உறுப்பினர் குழு அறிக்கை ஒன்று அவையின் மேசையில் இருக்க வேண்டும்.